போன மருந்து என்னவாக மாறியது? – குளிர் பிளாஸ்மா ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், காந்திநகர் தொடங்கி நாட்டின் பல ஆய்வுக்கூடங்களில், பிளாஸ்மா ஊட்டிய நீரைக் கொண்டு காய்கனிகளில் தங்கிய பூச்சிமருந்தைப் போக்க முயன்றுவரும் ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும்,



நான் பூச்சிமருந்து எச்சத்தை அளக்கும் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். பையில் வரும் வெண்டைக்காயையும் பச்சை மிளகாயையும் கறிவேப்பிலையையும் அரைத்து, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பாக இருந்தது. ‘வரம்புக்கு மேல்’ என்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்தக் காயை என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், கழுவுங்கள், தோலை எடுங்கள், வேகவையுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. அதனால்தான் உங்கள் துறையில் வரும் கட்டுரைகளை ஆவலோடு படிக்கிறேன். அந்த ஆவல்தான் இந்த மடலையும் எழுத வைக்கிறது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. எத்தனை விழுக்காடு மருந்து குறைந்தது என்பதோடு கட்டுரையை முடித்துவிடாதீர்கள். குறைந்த மருந்து என்னவாக மாறியது, மாறிய பொருள் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதையும் அதே கட்டுரையில், அதே அட்டவணையில் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று விளக்க, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் தொட்டுப் போக வேண்டும். இந்த மடலைக் காய் வாங்குபவர்களும் காய் விளைவிப்பவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் ஊடே உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தும்போது எலெக்ட்ரான்கள் மட்டும் கடும் ஆற்றல் பெற்று, மற்ற வாயு ஏறத்தாழ அறை வெப்பத்திலேயே இருக்கும்படி செய்ய முடியும். அதுதான் குளிர் பிளாஸ்மா. பிளாஸ்மா என்ற பெயரை இர்விங் லாங்மியூர் 1928-இல் வைத்தார். பெயருக்கு முன்பே வித்தை இருந்தது. 1785-இல் ஹென்றி கேவண்டிஷ் குழாயில் அடைத்த காற்றில் மின்பொறி பாய்ச்சினால் நைட்ரிக் அமிலம் உண்டாவதைக் காட்டினார். 1857-இல் வெர்னர் சீமென்ஸ் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே மின்சாரத்தை இறக்கி ஓசோன் தயாரித்தார். இன்று உங்கள் மேசைமேல் இருக்கும் கருவிகளில் பல அந்தச் சீமென்ஸ் குழாயின் பேரப்பிள்ளைகள். நார்வேயில் பிர்க்கலாண்டும் ஐடேயும் காற்றையே மின்வில்லில் சுட்டு, 1905-இல் நோட்டோடனில் நைட்ரேட் உரம் செய்யும் ஆலையைத் தொடங்கினார்கள். காய் கழுவ நீங்கள் தயாரிக்கும் நீரில் சேரும் நைட்ரேட்டும் அதே வழியில் வருவதுதான்.

அந்தப் பிளாஸ்மாவைத் தண்ணீரின் மேற்பரப்பிலோ, தண்ணீருக்குள் குமிழாகவோ விட்டால் தண்ணீர் வேறு குணம் கொள்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன், நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் அதில் கரைகின்றன. அமிலத்தன்மை ஏறி, பி.எச். 3-க்கு அருகில் வந்துவிடுவதும் உண்டு. பெராக்சைடும் நைட்ரைட்டும் அமிலத்தில் சேர்ந்து பெராக்சிநைட்ரஸ் அமிலத்தை உண்டாக்குகின்றன. இவை எல்லாவற்றையும் விட வீரியமானது ஹைட்ராக்சில் ரேடிக்கல். ஆனால் தண்ணீரில் அதன் ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறந்த இடத்திலேயே, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தாக்கிவிட்டு முடிந்துவிடும்.

பொதுமக்கள் இந்த ஆயுள் கணக்கை மட்டுமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘ஹைட்ராக்சில் நீர்’ என்ற பெயரில் வீட்டுச் சமையலறைக்குக் கருவிகள் விற்கிறார்கள். விளம்பரங்களில் 99 விழுக்காடு என்ற எண் சாதாரணமாகப் புழங்குகிறது. கருவியின் ஒரு மூலையில் பிறக்கும் ரேடிக்கல் பாத்திரத்தின் மறு மூலையில் கிடக்கும் கத்தரிக்காய் வரை நீந்திப் போய்ச் சேராது. அங்கே வேலை நடந்தால் அது ஓசோனின் வேலையாகவோ பெராக்சைடின் வேலையாகவோ இருக்கும். பல சமயம் வெறும் தண்ணீரின் வேலையாகவே இருக்கும்.

இனி எண்களுக்கு வருகிறேன். அயர்லாந்தின் டப்ளினில் ஒரு குழு, 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்த பெட்டிக்குள் இருந்த ஸ்டிராபெரிப் பழங்களை 80 கிலோவோல்ட்டில் 5 நிமிடம் பிளாஸ்மாவுக்கு உட்படுத்தியது. அசாக்சிஸ்டிரோபின் 69 விழுக்காடும், சிப்ரோடினில் 45 விழுக்காடும், ஃபுளுடையாக்சோனில் 71 விழுக்காடும், பைரிபிராக்சிஃபென் 46 விழுக்காடும் குறைந்தன. தண்ணீரில் கரைத்த மருந்துகளில் அதே நகரத்து ஆய்வர்கள் 8 நிமிடத்தில் டைகுளோர்வாஸை ஏறத்தாழ 79 விழுக்காடும், மாலத்தியானை 70 விழுக்காடும், எண்டோசல்ஃபானை 58 விழுக்காடும் குறைத்தார்கள். சீன ஆய்வர்கள் பிளாஸ்மா நீரில் திராட்சையை 10 நிமிடம் ஊறவைத்து ஃபாக்சிம் மருந்தில் முக்கால் பங்கு அளவுக்குப் போக்கினார்கள். மெச்ச வேண்டிய முடிவுகள். சூடு இல்லை, புதிதாக எந்த மருந்தையும் கலக்கவில்லை, காற்றும் தண்ணீரும் மின்சாரமும் மட்டுமே செலவு. இவற்றைப் படித்து நம் ஊர்க் காய்க்கும் இது வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இந்த விழுக்காடுகள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை, அளக்கும் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உருவிய இலையை அரைத்து, 10 கிராம் எடுத்துக் குழாயில் போட்டு, 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குவோம். 2003-இல் வெளிவந்த குவெச்சர்ஸ் முறைதான் இது. உலகம் முழுக்க எச்சக் கூடங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. அதில் நீரற்ற மெக்னீசியம் சல்ஃபேட்டைக் கொட்டியதும், இலையில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சுவதால், குழாய் கையில் பிடிக்கும்போதே சுடும். அதைச் சுழற்றியில் வைத்து எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் கரைசல் கரும்பச்சையாக இருக்கும். கறிவேப்பிலையின் பச்சையமும் எண்ணெயும் கருவியைப் பாழாக்கிவிடும் என்பதால் கரித்தூள் கொண்டு அந்த நிறத்தை எடுப்போம். அதற்குப் பிறகுதான் அது நிறைமாலைமானிக்குள் போகும்.

எங்கள் கூடங்களில் அன்றாட வேலைக்கு இருக்கும் மூன்று கட்ட நிறைமாலைமானி, வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் வாத்தியாரைப் போன்றது. பதிவேட்டில் இல்லாத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் வராது. குளோர்பைரிஃபாஸைத் தேடு என்று சொன்னால், நிறை 350 உள்ள அயனியைப் பிடித்து, உடைத்து, 198-உம் 97-உம் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் அளவு சொல்லும். வராவிட்டால் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதிவிடும். அந்த மூலக்கூறில் ஒரே ஓர் அணு மாறியிருந்தாலும் கருவியின் கண்ணுக்கு அது குளோர்பைரிஃபாஸ் இல்லை.

பிளாஸ்மா நீர் செய்யக்கூடிய முதல் வேலை, அந்த ஒரே ஓர் அணுவை மாற்றுவதுதான்.

குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான், டைமெத்தோயேட், ஃபாக்சிம் எல்லாம் கரிம பாஸ்பரஸ் மருந்துகள். இவற்றில் பாஸ்பரஸோடு ஒரு கந்தக அணு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றிகள் முதலில் தொடும் இடம் அதுதான். கந்தகம் போய் அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்காரும். குளோர்பைரிஃபாஸ் குளோர்பைரிஃபாஸ் ஆக்சானாகும்; மூலக்கூறு எடை 350.6-இலிருந்து 334.5-ஆக இறங்கும். மாலத்தியான் மாலாக்சானாகும். டைமெத்தோயேட் ஒமெத்தோயேட்டாகும். பூச்சியின் உடம்பிலும் நம் கல்லீரலிலும் நடப்பது இதே மாற்றம்தான். நரம்பு வேலை செய்யத் தேவையான அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடித்துக் கட்டிப்போடுவது இப்படி மாறிய ஆக்சான்தான். கந்தகம் உள்ள மூலப்பொருள் அந்தக் காரியத்தில் அதைவிடப் பல மடங்கு பலவீனமானது. உடம்பு செய்ய வேண்டிய விஷ வேலையை நாமே வெளியில் செய்து, தட்டில் வைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இது கற்பனையான அச்சம் இல்லை என்பதற்கு எங்கள் துறையிலேயே சான்று உண்டு. தைவானில் 1980-களிலிருந்து காய்கறிச் சந்தைகளில், ஈயிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு விரைவுச் சோதனை செய்கிறார்கள். காயின் சாறு அந்த நொதியை எவ்வளவு முடக்குகிறது என்று பார்த்து, சந்தைக்கு விடலாமா என்று முடிவு செய்வார்கள். இந்த வகைச் சோதனைகளில் கந்தகம் உள்ள மருந்துகள் சரியாகச் சிக்குவதில்லை. அதற்காகச் சாற்றில் புரோமின் போன்ற ஆக்சிஜனேற்றியைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மருந்து ஆக்சானாக மாறும், நொதி உடனே முடங்கும், மருந்து பிடிபடும். நஞ்சைக் கூர்மையாக்க நாங்கள் தெரிந்தே செய்யும் காரியமும், நஞ்சைப் போக்க நீங்கள் செய்யும் காரியமும் வேதியியலில் ஒரே வாசலில்தான் தொடங்குகின்றன. குளோரின் கலந்த குடிநீரில் கரிம பாஸ்பரஸ் மருந்துகள் ஆக்சானாவதும் நெடுநாளாகத் தெரிந்த உண்மை.

அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிறீர்களா என்பதுதான் கேள்வி. ஹைட்ராக்சில் ரேடிக்கல் போதுமான அளவு கிடைத்து, போதுமான நேரமும் இருந்தால் ஆக்சானும் உடையும். டிரைகுளோரோபிரிடினாலாகி, வளையமும் பிளந்து, குளோரின் கழன்று, கடைசியில் சாதாரண உப்பும் அமிலமும் கரியமில வாயுவுமாகப் போய்விடும். பாதியில் நிறுத்தினால் ஆக்சான் மிஞ்சும். கூடவே ஒன்றை யோசியுங்கள். கரிம பாஸ்பரஸ் மருந்துகள் காரத்தில் வேகமாகச் சிதையும், அமிலத்தில் நின்று நிலைக்கும். உங்கள் நீர் அமில நீர். ஊறவைத்து எடுத்த பிறகு காய் கூடையில் கிடக்கும் நேரத்தில், மிச்சம் இருக்கும் ஆக்சான் தானாகச் சிதைந்துவிடும் என்று எண்ண அந்த அமிலம் இடம் தராது.

ஆகவே, குறைந்த விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ஆக்சான் எவ்வளவு என்ற எண்ணும் இருக்க வேண்டும். அதற்கான தரப்பொருள் விலைக்குக் கிடைக்கிறது. அதே கருவியில் இன்னொரு பெயரைப் பதிவேட்டில் சேர்த்தால் போதும். பெயர் தெரியாத விளைபொருள்களைத் தேட நுண்துல்லிய நிறைமாலைமானி வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் இருக்கும் நிறுவனத்தோடு சேர்ந்து செய்யுங்கள். அதுவும் கைகூடாத மாணவருக்கு நொதிச் சோதனை இருக்கிறது. பிளாஸ்மா நீரில் போடுவதற்கு முன்பும் பின்பும் காயின் சாறு நொதியை எவ்வளவு முடக்குகிறது என்று அளந்துவிடுங்கள். மருந்தின் அளவு 70 விழுக்காடு குறைந்து, நொதி முடங்குவதும் அதே அளவு குறைந்திருந்தால் நீங்கள் வென்றீர்கள். மருந்து குறைந்து முடக்கம் கூடியிருந்தால், அந்தக் காயைக் கழுவாமலே விட்டிருக்கலாம். இரண்டு முடிவுகளும் வெளியிடத் தகுந்தவை.

கரிம பாஸ்பரஸ் மட்டும்தானா என்றால், இல்லை. இமிடாகுளோப்ரிட் மருந்தின் விளைபொருள் ஒன்றில் நைட்ரோ தொகுதி கழன்றிருக்கும். அது மூலமருந்தைவிடப் பாலூட்டிகளின் நரம்பு வாங்கிகளில் வலுவாக ஒட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தனி வம்சாவளி இருக்கிறது. எதைச் சோதிக்கிறீர்களோ அதன் பிள்ளைகளையும் விசாரியுங்கள்.

அடுத்தது மாதிரி. கட்டுரைகளில் பெரும்பாலும் இப்படி எழுதியிருக்கிறது: மருந்து தெரிந்த அளவில் கரைக்கப்பட்டது, பழம் அதில் முக்கப்பட்டது அல்லது சொட்டுச் சொட்டாக இடப்பட்டது, சில மணி நேரம் உலர்த்தப்பட்டது, பிறகு பிளாஸ்மா நீர். ஆய்வுக்கு இது வசதி. வயலில் நடப்பது வேறு. மருந்தோடு ஒட்டும் திரவம் சேர்த்து அடிக்கிறார்கள், மழைக்கு வழிந்துவிடக் கூடாது என்பதற்காக. அடித்த மருந்து வெயிலிலும் பனியிலும் கிடந்து, தோலின் மெழுகுக்குள் இறங்கிவிடுகிறது. குளோர்பைரிஃபாஸ் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது. சைபர்மெத்ரின் அதைவிடவும் மிகக் குறைவு. இரண்டும் மெழுகைத்தான் நாடும். இமிடாகுளோப்ரிட்டும் அசிஃபேட்டும் செடியே குடித்துக்கொள்ளும் மருந்துகள். சதைக்குள் இருப்பதைத் தண்ணீர் தொடவே முடியாது. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மருந்து பட்ட 24 மணி நேரத்துக்குள் தயாபெண்டசோலில் 20 விழுக்காடு தோலுக்குள் இறங்கிவிட்டது, ஃபாஸ்மெட்டில் 4.4 விழுக்காடு இறங்கியது. வெளியில் இருந்ததை மட்டுமே கழுவி எடுக்க முடிந்தது.

அந்த ஆய்வில் கழுவியது எதனால் என்பதையும் நீங்கள் மறக்கக் கூடாது. சமையல் சோடா. தண்ணீரில் 1 விழுக்காடு அளவு கரைத்து 12 நிமிடம், 15 நிமிடம் ஊறவைத்ததில் மேற்பரப்பு மருந்து போய்விட்டது. கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் குழாய்த் தண்ணீரில் அலசியே 12 மருந்துகளில் 9 மருந்துகள் குறைந்தன. பக்கத்தில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணிக் கூடம் புளிக்கரைசல் போன்ற எளிய முறைகளைச் சோதித்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னது; காய் கழுவும் கரைசல் ஒன்றையும் உருவாக்கித் தந்தது. பிளாஸ்மா நீரின் எண்ணைச் சொல்லும்போது அதே காயை, அதே நேரம், வெறும் தண்ணீரிலும் சோடா நீரிலும் ஊறவைத்தபோது கிடைத்த எண்ணையும் சொல்லுங்கள். 70 விழுக்காட்டில் 50 விழுக்காடு தண்ணீரே செய்தது என்றால், மின்சாரத்துக்கும் கருவிக்கும் கணக்கு மிச்சம் 20-க்குத்தான்.

எங்கே இது உண்மையிலேயே உதவும் என்று நான் நினைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பார்த்திருப்பீர்கள். கொத்தாகத் தொங்கும்போது ஒவ்வொரு பழத்தின் மேலும் வெண்சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும். வாங்குபவர்கள் அதை மருந்து என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பழத்தின் சொந்த மெழுகு. மருந்து கண்ணுக்குத் தெரியாமல் அந்த மெழுகுக்குள்ளும், கொத்தின் நடுவே பழமும் பழமும் நெருங்கிய இடுக்கிலும் இருக்கிறது. அடிச்சாம்பல் நோய்க்காகப் பூசணக்கொல்லி அடிக்காமல் அங்கே திராட்சை எடுப்பது கடினம். தேய்த்தால் பழம் கசியும். சுடுநீரில் போட முடியாது. தோலை உரிக்கவும் முடியாது. இப்படிப்பட்ட பழத்துக்கு, குமிழ்களோடு இடுக்குவரை ஏறும் பிளாஸ்மா நீர் நல்ல வழியாக அமையலாம். மெழுகு எவ்வளவு கரைகிறது, பழம் எத்தனை நாள் தாங்குகிறது, நிறம் வெளுக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கறிவேப்பிலை இன்னும் அவசரமான பயிர். காரமடைப் பக்கம் ஏக்கர் ஏக்கராக அது விளைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையை எச்சத்துக்காகத் தனிக் கண்காணிப்பில் வைத்த வரலாறு உங்களுக்குத் தெரியும். நம் வீட்டிலோ அதை எடை பார்த்தா சாப்பிடுகிறோம்? துவையலாகவும் பொடியாகவும் இலை முழுதும் வயிற்றுக்குள் போகிறது. இலைக்குத் தோலும் இல்லை உரிக்க. கொத்தமல்லியும் புதினாவும் இதே கணக்குத்தான், பச்சையாகவே தூவுகிறோம். ஸ்டிராபெரியும் புளூபெரியும் மேல்நாட்டு ஆய்வர்களுக்கு இயல்பான தேர்வு. நம் மாணவர்களும் அவற்றையே வாங்கிவந்து திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டை, காலிஃபிளவர், பன்னீர் திராட்சை என்று இறங்குங்கள். வெண்டையின் சுணையும் காலிஃபிளவரின் பூவிடுக்கும் எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் கிடைக்காத பாடத்தைக் கற்றுத்தரும். வேரோடு வரும் கொத்தமல்லியின் மண்ணும் அழுகல் இலையும் உங்கள் ஆக்சிஜனேற்றிகளை மருந்துக்கு முன்பே தின்றுவிடும். அதையும் சோதனைக்குழாயில் கற்க முடியாது.

வெண்டைக்காயில் எச்சம் ஏன் இருக்கிறது என்பதைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தால் புரியும். பறிப்பு தொடங்கிவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்க வேண்டும். விட்டால் முற்றிப்போகும், மண்டியில் எடுக்கமாட்டார்கள். காய்ப்புழு வந்தால் மருந்து அடித்தாக வேண்டும். அடித்த பிறகு காத்திருக்கச் சொல்லிக் குப்பியில் அச்சிட்ட நாள்களை உழவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? இதைச் சொல்வது உழவரைக் குறை கூற இல்லை. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் நஞ்சு என்று கேரளம் சொன்னபோது, ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளில் அடி வாங்கியவர் அவர்தான். நாளைக்கு, எந்திரம் கழுவிவிடும் என்ற பேச்சு பரவினால், அந்தக் காத்திருப்பு நாள்கள் இன்னும் சுருங்கும். உங்கள் கட்டுரையின் முடிவுரையில், இந்த நீர் செடி குடித்த மருந்தை எடுக்காது, காத்திருப்புக் காலத்துக்கு மாற்று ஆகாது என்று இரண்டு வரி கட்டாயம் எழுதுங்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பை வைத்திருக்கிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருந்த காயில் 75 விழுக்காட்டைப் போக்கினாலும் 0.25 மிச்சம், அது அந்த வரம்பைப் போல 25 மடங்கு.

கழுவிய தண்ணீரைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. காயிலிருந்து இறங்கிய மருந்து, அதன் பிள்ளைகள், நைட்ரேட், நைட்ரைட் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். திராட்சை கட்டும் கொட்டகையிலிருந்து நாளெல்லாம் வெளியேறும் நீர் எந்த வாய்க்காலில் கலக்கும், அது எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று கருவியை வடிவமைக்கும்போதே யோசியுங்கள். நைட்ரைட் இலைக்குள் ஏறுகிறதா என்றும் அளக்க வேண்டும்.

தொட்டியருகே நிற்கப்போகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் புகைபோக்கிக்குக் கீழே கருவியை ஓட்டுகிறீர்கள். கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்கப் பழம் அலசப்போவது தினக்கூலிக்கு வரும் பெண்கள். ஓசோன் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலிட விதி. மூக்கில் அந்தக் காரமான வாடை ஏறுகிறது என்றால் அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நைட்ரஜன் டைஆக்சைடும் கூடவே வரும். காற்றை அளந்த எண்ணும் உங்கள் அட்டவணையில் ஒரு கட்டத்தைப் பிடிக்கட்டும்.

இவ்வளவும் கேட்கிறேனே, முதுகலைத் திட்டத்துக்குக் கிடைக்கும் பணத்திலும் நேரத்திலும் இதெல்லாம் ஆகுமா என்று ஒரு மாணவர் நினைக்கலாம். நியாயமான எண்ணம். எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு மருந்து, ஒரே ஒரு காய் போதும். ஐந்து காயில் ஐந்து மருந்தின் விழுக்காட்டைச் சொல்லும் கட்டுரையைவிட, வயலில் அடித்து வந்த கறிவேப்பிலையில் குளோர்பைரிஃபாஸ் ஒன்றை மட்டும் எடுத்து, அது எவ்வளவு போனது, எவ்வளவு ஆக்சானாயிற்று, நொதி முடங்கியதா இல்லையா, வெறும் தண்ணீர் எவ்வளவு செய்தது என்று முடிவுவரை போன கட்டுரை எனக்குப் பெரிது. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குளோர்பைரிஃபாஸை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் விலக்குகள் இருக்கின்றன, மண்ணிலும் மண்டியிலும் அது இன்னும் சில காலம் இருக்கும். ஆகவே வேலை வீணாகாது.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எச்சக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களை உங்கள் திட்டத்தின் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள். மாதிரி அளந்து தர மட்டும் கடைசியில் கூப்பிட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதுதான் அவர்களுக்குப் பழக்கம். என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் நாளிலேயே அவர்கள் உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தால், ஆக்சானைத் தேட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். தமிழ்நாட்டில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள்.

வயலில் அடித்த மாதிரி வேண்டுமென்றால் விதையிட்ட நாளிலிருந்தே ஓர் உழவரோடு பேசி வையுங்கள். எந்தத் தேதியில் எந்த மருந்தை எத்தனை மில்லி, எத்தனை டேங்க் அடித்தார் என்பதை அவரே குறித்துத் தருவார். அவருக்கு அந்தக் காயின் முடிவைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் அடுத்த கட்டுரையில் அந்த அட்டவணையைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
எச்சப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றிய ஒருவன்